அறுபது நிமிடத்தில் மூன்று நிமிடம்: சிறார் கால்பந்துப் பயிற்சியின் தரமும் பெற்றோரின் மனக்குறையும்

தமிழ்நாட்டின் நடுத்தர நகரங்களில் டியூஷன், இந்தி வகுப்பு, அபாகஸ், பரதநாட்டியம் என்னும் வரிசையில் விளையாட்டுப் பயிற்சியும் மாதக் கட்டணம் செலுத்திப் பெறும் ஒன்றாக இடம்பிடித்துவிட்டது. 1989இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்த மாவட்டத்தின் தலைநகராகி, 2024இல் மாநகராட்சியாகவும் உயர்ந்த திருவண்ணாமலையும் இதற்கு விலக்கன்று. கார்த்திகைத் தீபத்தாலும் பௌர்ணமிக் கிரிவலத்தாலும் வெளியுலகு அறிந்த இவ்வூர், உள்ளே வாழ்வோருக்குப் பிள்ளைகளின் படிப்பு குறித்த கவலையும் அதற்கான செலவும் மிகுந்த நகரமாகவே இருக்கிறது. இத்தகைய நகரங்களில் கிரிக்கெட், இறகுப்பந்து, ஸ்கேட்டிங், சிலம்பம் ஆகியவற்றோடு கால்பந்துப் பயிற்சியும் பரவிவரும் நிலையில், மைதானத்து மதிலோரம் இருசக்கர வாகனத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் பெற்றோரிடையே ஒரே மனக்குறை திரும்பத் திரும்ப எழுகிறது: மாதம் தவறாமல் பணம் கட்டியும் பிள்ளை ஒன்றும் கற்றதாகத் தெரியவில்லை என்பதே அது.

இம்மனக்குறை நியாயமானதா, நியாயமெனில் எந்த அளவுக்கு, அது சரியான இடத்தை நோக்கி எழுப்பப்படுகிறதா என்பவை இக்கட்டுரை ஆராயும் வினாக்கள். பெற்றோர் குறைபட்டுக்கொள்வதில் பிழையில்லை. ஆனால் பயிற்சியின் தரத்தை அளக்க அவர்கள் கையிலெடுக்கும் அளவுகோல், குறைகூறப்படும் கிளப்புகள் கையிலெடுக்கும் அதே அளவுகோலாக இருப்பதனால்தான் குறை தீராமல் நீடிக்கிறது என்பது இங்கு முன்வைக்கப்படும் முடிபு.

சில சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. ‘கிளப்’ என்பது போட்டிகளில் அணியாகப் பதிவுசெய்து ஆடும் மன்றம். ‘அகாடமி’ என்பது கட்டணம் பெற்றுப் பயிற்சி தரும் அமைப்பு. சிறுநகரங்களில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றே. ஒரே மனிதர் காலையில் பள்ளியொன்றின் உடற்கல்வி ஆசிரியராகவும், மாலையில் அகாடமியின் பயிற்சியாளராகவும், ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் மேலாளராகவும் இருப்பது புதிதன்று. ‘பயிற்சியின் தரம்’ என்பது பயிற்சி நேரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்கும் கற்றல் வாய்ப்பையே இக்கட்டுரையில் குறிக்கிறது. அணி வென்ற கோப்பைகளின் எண்ணிக்கையைக் குறிப்பதன்று.

கிளப்புகள் நிரப்பிய வெற்றிடம்

கட்டணப் பயிற்சி தோன்றியதற்கான காரணத்தைப் பள்ளியிலிருந்து தேடத் தொடங்கவேண்டும். 1920இல் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவிலேயே அவ்வகையில் முதலாவது எனப் போற்றப்படுகிறது. அக்கல்லூரியும் அதன் வழியொட்டிய பிற கல்லூரிகளும் உருவாக்கிய ‘பி.டி. மாஸ்டர்’ மரபே தமிழ்நாட்டின் பள்ளி விளையாட்டை நெடுங்காலம் தாங்கி நின்றது. குறுவட்டப் போட்டியில் தொடங்கி மாநில அளவு வரை செல்லும் பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் இன்றும் அம்மரபின் எச்சமாகவும் பலமாகவும் விளங்குகின்றன. எனினும் பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளில் விளையாட்டு நேரம் கணக்குக்கும் அறிவியலுக்கும் இரவல் போவது ஊரறிந்த வழக்கம். அவ்வாறு இரவல் வாங்கவேண்டாம் என்று விளையாட்டுத் துறை அமைச்சர் என்னும் முறையில் உதயநிதி ஸ்டாலின் வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அதன் வேரோட்டம் விளங்கும்.

அரசுத் தரப்பில் 1992இல் உருவான தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட விளையாட்டு அரங்குகளைப் பேணுவதோடு, கோடைகாலப் பயிற்சி முகாம்களையும் விளையாட்டு விடுதிகளையும் நடத்திவருகிறது. ஆனால் எல்லா மாவட்டத்திலும் எல்லா விளையாட்டுக்கும் நிலையான பயிற்சியாளர் அமைவதில்லை. கோடை முகாமோ சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. பள்ளி கைவிட்ட, அரசு எட்டாத அந்த இடைவெளியில்தான் தனியார் கிளப்புகள் காலூன்றின. இதை மறந்துவிட்டு அவற்றை வெறும் வணிகம் என ஒதுக்குவது நேர்மையான மதிப்பீடாகாது.

நிறைகள்

இம்முறையின் முதல் நிறை, பிள்ளைகளைக் கைப்பேசித் திரையிலிருந்து மண்ணுக்குக் கொண்டுவருவது. வாரத்தில் நான்கு மாலையாவது ஓடி வியர்த்து வீடு திரும்பும் பிள்ளைக்குக் கிடைக்கும் உடல்நலமும் தூக்கமும் பசியும், ஆட்டத்திறன் வளர்ந்தாலும் வளராவிட்டாலும் கிடைப்பவை. வெவ்வேறு பள்ளி, தெரு, சமூகப் பின்புலம் கொண்ட பிள்ளைகள் ஒரே அணியில் பந்தைக் கடத்தி ஆடக் கற்பதும், பள்ளி வகுப்பறைகள் கட்டண அடுக்குகளாகப் பிரிந்துவிட்ட காலத்தில் சிறிய செய்தியன்று.

இரண்டாவது நிறை, முன்னாள் ஆட்டக்காரர்களின் பட்டறிவு. வடசென்னையின் வியாசர்பாடி, பெரிய கட்டமைப்பு எதுவுமின்றி, முன்பு ஆடியவர்களே அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கும் வழக்கத்தினாலேயே கால்பந்து விளையும் நிலமாகப் பெயர் பெற்றது. பந்து எந்தப் பக்கம் வரும் என்பதை அது வருமுன்பே கண்டுகொள்ளும் கண்ணை எந்தப் பாடநூலும் தருவதில்லை. பத்தாண்டுகள் ஆடியவர் அருகில் நின்று சொல்லும்போது அது வாய்க்கிறது.

மூன்றாவது நிறை, பெண் பிள்ளைகளுக்குத் திறந்த கதவு. கடலூரிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் எளிய குடும்பத்துப் பெண்கள் உள்ளூர்ப் பயிற்சியின் வழியாகவே இந்திய அணி வரை உயர்ந்தனர். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் அவர்களுள் நன்கறியப்பட்டவர். தமிழ்நாட்டு மகளிர் அணி 2017-18 பருவத்தில் தேசிய வாகையர் பட்டம் வென்றதும், மதுரையின் சேது எஃப்.சி. அடுத்த பருவத்திலேயே இந்திய மகளிர் லீக்கை வென்றதும் பெருநகர வசதிகளால் மட்டும் நிகழ்ந்தவை அல்ல. சிற்றூர் மைதானங்களில் விடியற்காலையில் பெண் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்கிய பயிற்சியாளர்களின் உழைப்பும் அவற்றில் அடங்கும்.

குறைகள்

குறைகளில் முதன்மையானது பயிற்சி நேரம் செலவிடப்படும் முறை. இருபது பிள்ளைகள் ஒரே வரிசையில் நிற்க, ஒவ்வொருவராகக் கூம்புகளுக்கிடையே பந்தை உருட்டிச் சென்று கோலை நோக்கி உதைத்துவிட்டு வரிசையின் கடைசிக்குத் திரும்பும் காட்சி, எந்த ஊர் மைதானத்திலும் காணக்கூடியதே. ஒரு முறைக்குப் பதினைந்து விநாடி எனக் கொண்டால், வரிசை ஒரு சுற்று முடிய ஐந்து நிமிடமாகும். ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டு முறை வாய்ப்பு வரும். அதாவது அறுபது நிமிடத்தில் அதன் காலில் பந்து இருப்பது மூன்று நிமிடம் மட்டுமே. தொடக்கத்தில் மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் கால் மணி நேரத்தைக் கழித்தால் அதுவும் இரண்டேகால் நிமிடமாகச் சுருங்கும். மீதி நேரத்தில் பிள்ளை கற்பது வரிசையில் நிற்கும் கலையை மட்டுமே.

அதே இருபது பிள்ளைகளை நால்வர் கொண்ட ஐந்து குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கொரு பந்து கொடுத்து, இருவருக்கு எதிராக இருவர் என நாற்பது நிமிடம் ஆடவிட்டால், ஒவ்வொருவரின் பங்குக்கும் பத்து நிமிடம் வரும். பந்து கோட்டைத் தாண்டிப் போவது, எடுத்து வருவது என அதில் பாதியைக் கழித்தாலும் ஐந்து நிமிடம் எஞ்சும். மேலும் அந்த ஐந்து நிமிடமும் எதிராளி ஒருவர் பந்தைப் பறிக்க முயலும் நேரம். கூம்பு பந்தைப் பறிப்பதில்லை. எதிராளி எங்கே, கூட்டாளி எங்கே எனக் கண்டு முடிவெடுக்கும் திறனே கால்பந்தின் உயிர் என்பதால், இவ்விரு முறைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நிமிடக் கணக்கைவிடப் பெரியது. இந்த மாற்றத்துக்குத் தேவைப்படுவது கூடுதலாகச் சில பந்துகளும் முன்கூட்டிய ஒரு திட்டமும் மட்டுமே என்பதுதான் பெற்றோரின் மனக்குறையை நியாயமாக்குகிறது.

இரண்டாவது குறை, வயது வேறுபாட்டைக் கருதாமை. எட்டு வயதுப் பிள்ளையும் பதினைந்து வயதுப் பிள்ளையும் ஒரே ஓட்டம், ஒரே உடற்பயிற்சி, ஒரே அளவு மைதானம் எனப் பயிற்றப்படும்போது, சிறியது சலிப்படைகிறது அல்லது காயமடைகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் நீர் அருந்த இடைவேளை கேட்பதையே சோம்பலாகக் கருதும் மனப்போக்கும் இதனுடன் சேர்ந்தது.

மூன்றாவது குறை, சொல்லும் தண்டனையும். ‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழி வகுப்பறையிலிருந்து சட்டத்தால் வெளியேற்றப்பட்ட பின்னும் மைதானத்தில் தங்கிவிட்டது. பந்தைத் தவறவிட்டால் ஐந்து ரவுண்டு, தாமதமாக வந்தால் பத்து ரவுண்டு என ஓட்டமே தண்டனையாக்கப்படும்போது, எந்த ஓட்டத்தின் மேல் விளையாட்டு கட்டப்படவேண்டுமோ அந்த ஓட்டத்தையே பிள்ளை வெறுக்கத் தொடங்குகிறது.

நான்காவது குறை, வெற்றியின் மீதான அவசரம். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் போட்டியில் கோப்பை வெல்ல எளிய வழி, உடல் வளர்ச்சி முந்திய பிள்ளைகளை ஆடவிட்டு மற்றவர்களை வெளியே அமரவைப்பதாகும்; அதைவிடவும் எளிய வழி, வயதைக் குறைத்துக் காட்டுவது. இளையோர் போட்டிகளில் இடக்கை மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்து எலும்பு முதிர்ச்சியைக் கணிக்கும் சோதனையை இந்திய விளையாட்டு அமைப்புகள் கொண்டுவர நேர்ந்ததே இந்நோய் எவ்வளவு பரவியது என்பதற்குச் சான்று. கட்டணம் எல்லோரிடமும் சமமாகப் பெறப்பட, ஆடும் நேரம் சிலருக்கே கிடைப்பது பெற்றோரின் முறையீடுகளில் மிக வலுவானது.

ஐந்தாவது குறை, பாதுகாப்பு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தைகள்மீது நம்பிக்கைப் பொறுப்பில் இருப்பவர் இழைக்கும் பாலியல் குற்றத்தைக் கடுமை மிகுந்ததாகக் கருதுகிறது. பயிற்சியாளரும் அவ்வகையில் வருபவரே. தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் 2025இல் நிறைவேறியபோதும் அதன் நோக்கம் பெரும்பாலும் தேசிய அளவிலான கூட்டமைப்புகளை ஒழுங்குபடுத்துவது. ஊர் மைதானத்தில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிப் பயிற்சி தொடங்கலாம் என்னும் நிலை அதனால் மாறிவிடவில்லை. முதலுதவிப் பெட்டியேனும் இருக்கிறதா என்று கேட்பாருமில்லை.

உரிமம் எதை உறுதிசெய்யும்?

தரக்குறைவுக்கு மருந்தாகப் பெற்றோர் பலரும் நாடுவது சான்றிதழ் பெற்ற பயிற்சியாளரை. இங்கு நிலவும் தகுதிகளைப் பிரித்தறிவது தேவை. உடற்கல்விப் பட்டம் பெற்றவர் பல விளையாட்டுகளைப் பொதுவாகக் கற்றவர். 1961இல் பாட்டியாலாவில் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயம் பெற்றவர் ஒரு விளையாட்டில் ஆழ்ந்து பயின்றவர், வழக்கில் ‘என்.ஐ.எஸ். கோச்’ எனப்படுபவர் இவரே. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு வழங்கும் உரிமங்கள் மூன்றாவது வகை. அவை டி, சி, பி, ஏ எனப் படிப்படியாக மேலேறுபவை. இவற்றுள் அடிப்படையான டி உரிமம் சில நாள் பயிற்சி வகுப்பிலேயே முடிந்துவிடுவது. ஆகவே உரிமம் ஒரு வாசல், அவ்வளவே. உரிமம் பெற்றவரும் இருபது பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இவ்விடத்துக்கும் பொருந்தும்.

ஆயினும், குறுகிய பயிற்சியானாலும் சரியான பொருள் குறித்து அளிக்கப்படின் பயன் தரும் என்பதற்கு அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் ரொனால்டு ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் ஆகிய உளவியலாளர்களின் குழு சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளரிடையே நடத்தி 1992இல் வெளியிட்ட ஆய்வு சான்றாகும். பிள்ளைகளிடம் எவ்வாறு பேசுவது, தவறியவனை எவ்வாறு ஊக்குவிப்பது என்பவை குறித்துச் சில மணி நேரம் மட்டுமே கற்பிக்கப்பட்ட பயிற்சியாளர்களிடம் ஆடிய பிள்ளைகளில் 5 விழுக்காட்டினரே மறு ஆண்டு விளையாட்டைக் கைவிட்டனர். அவ்வாறு கற்பிக்கப்படாதவர்களிடம் ஆடியோரில் 26 விழுக்காட்டினர் கைவிட்டனர். அணிகளின் வெற்றி தோல்விக் கணக்கிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கோப்பைகளை மட்டும் எண்ணியிருந்தால் இரு வகைப் பயிற்சியாளரும் ஒன்றெனவே தோன்றியிருப்பர்.

இவ்வுண்மையைச் சில நாடுகள் விதியாகவே ஆக்கியுள்ளன. நார்வே 1987இலேயே குழந்தைகள் விளையாட்டுக்கெனத் தனி விதிகளை ஏற்றது. அந்நாட்டில் இன்று பதினொரு வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் தரவரிசைப் பட்டியல் வெளியிடுவதில்லை. ஜெர்மனி 2024-25 பருவம் முதல் சிறு வயதினருக்குப் புள்ளிப் பட்டியலை விலக்கி, மூவர், ஐவர் ஆடும் சிறிய மைதான ஆட்டங்களைக் கட்டாயமாக்கியது. உலகக் கோப்பையை நான்கு முறை வென்ற நாடு சிறுவர் ஆட்டத்தில் வெற்றிக் கணக்கைக் கைவிட்டது என்னும் செய்தி, கோப்பை அடுக்கிய அலமாரியைக் காட்டிப் பிள்ளைகளைச் சேர்க்கும் அகாடமிகள் எண்ணிப்பார்க்கத்தக்கது.

இதற்கு அயல்நாட்டை மட்டுமே நோக்கவேண்டுவதில்லை. 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத்தந்த சையது அப்துல் ரஹீம், அடிப்படையில் ஐதராபாத்தின் பள்ளி ஆசிரியர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் அடித்த தஞ்சாவூர் சைமன் சுந்தரராஜ் ஆடியது அவர் பயிற்றிய அணியில்தான். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோலாக அது இன்றும் நிற்கிறது. பயிற்சியாளர் முதலில் ஆசிரியர் என்னும் கருத்து இந்நாட்டுக் கால்பந்தின் பொற்காலத்திலேயே வேர்கொண்டது.

பெற்றோரின் அளவுகோல்

இனிப் பெற்றோரின் பக்கத்தையும் நிறுத்துப் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடும், பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவினருக்கு 500 இடங்களும் உள்ளன. இவை நல்நோக்கில் அமைந்தவை. ஆனால் ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’ என்னும் சொல் பயிற்சியில் சேர்க்கும் நாளிலேயே வாயில் வருமளவுக்கு, சான்றிதழே பயிற்சியின் விளைபொருள் என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. பெற்றோர் சான்றிதழ் கேட்க, கிளப் கோப்பை தேட, பெயரளவிலான போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் கட்டிச் சான்றிதழ் வாங்கிவரும் வழக்கம் பெருக, பிள்ளை மட்டும் பந்தை நிறுத்தத் தெரியாமல் நிற்கிறது. இந்த ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்கின்றன.

கண்டிப்பான பயிற்சியாளரே நல்ல பயிற்சியாளர் எனக் கருதி, ‘நாலு அடி போட்டாலும் பரவாயில்லை சார்’ என ஒப்படைக்கும் பெற்றோரும், மூன்றே மாதத்தில் முன்னேற்றம் கேட்கும் பெற்றோரும், கோட்டோரம் நின்று பயிற்சியாளர் சொன்னதற்கு மாறாகப் பிள்ளைக்குக் கட்டளையிடும் பெற்றோரும் தரக்குறைவில் பங்குடையவர்களே. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்தாண்டுகள் ஆடிய பிள்ளையை ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் நிறுத்திவிடும் வழக்கம், எந்தப் பயிற்சியாளரும் தம் உழைப்பின் விளைவைக் காணமுடியாதபடி செய்துவிடுகிறது.

பயிற்சியாளரின் பொருளாதாரமும் கருதத்தக்கது. நாற்பது பிள்ளைகள் மாதம் ஐந்நூறு ரூபாய் செலுத்துவதாகக் கொண்டால் வருவது இருபதாயிரம். மைதான வாடகை, பந்து, போட்டி நுழைவுக் கட்டணம், வண்டிச் செலவு, தேர்வு மாதங்களில் நின்றுபோகும் கட்டணம் ஆகியவற்றைக் கழித்தால் ஒரு குடும்பம் நடத்தப் போதுமானது எஞ்சுவதில்லை. திருவண்ணாமலைக்கென்றே அமைந்த இடையூறும் உண்டு. பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் அதை நோக்கிய சாலைகளும் பக்தர்களால் நிறைய, ஊரின் போக்குவரத்தே திசைமாறுவதால் அந்நாட்களில் பயிற்சி தடைபடுவது இயல்பு. தீபத் திருநாளையொட்டி அத்தடை இன்னும் நீள்கிறது. இரண்டாவது பயிற்சியாளரை அமர்த்த வருமானம் இடந்தராத நிலையில் இருபது பிள்ளைகள் ஒரு வரிசையாவது வியப்பன்று. எனினும் வறுமை வரிசையை விளக்குமேயன்றி நியாயப்படுத்தாது. குழுக்களாகப் பிரித்து ஆடவிடுவதற்கு இரண்டாவது சம்பளம் தேவையில்லை.

முடிபு

நிறைகுறைகளைச் சீர்தூக்கின், சிறுநகரக் கால்பந்துப் பயிற்சி ஒழிக்கப்படவேண்டிய ஒன்றன்று. பள்ளியும் அரசும் விட்ட இடத்தை நிரப்பிய அதன் பணி பெரிது. ஆனால் அது யாருக்கும் கணக்குக் காட்டவேண்டாத நிலையில் நடப்பதே அதன் அடிப்படைக் குறை. மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலகம், கட்டணம் பெறும் பயிற்சியகங்களின் பதிவேடு ஒன்றைப் பேணி, பயிற்சியாளரின் தகுதி, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள், கட்டண விவரம், முதலுதவி ஏற்பாடு, முறையீடு செய்யவேண்டிய தொலைபேசி எண் ஆகிய ஐந்தையும் மைதான வாயிலில் எழுதிவைக்கச் செய்தாலே பாதி மனக்குறை தீரும். இதற்குப் புதிய நிதி வேண்டியதில்லை.

மறுபாதி பெற்றோர் கையில் உள்ளது. எத்தனை கோப்பை, எந்தச் சான்றிதழ் என்பவற்றைக் கேட்பதற்கு முன், ஒரு மாலை மட்டும் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தம் பிள்ளையின் காலில் பந்து இருந்த நேரம் எவ்வளவு என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். அந்த எண் மூன்று நிமிடத்துக்குள் இருந்தால், பயிற்சியாளரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுவே.